வினா வங்கி: தொகுப்பும் பகிர்வும்

(கல்லூரி ஆசிரியர்களுக்கான புத்தொளிப் பயிற்சி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரை)

நம் நாட்டில் உயர்கல்வி கடந்த இருபது ஆண்டுகளில் வகுப்பறைச் சுவர்களைக் கடந்து வெகுதூரம் சென்றிருக்கிறது. இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து 2003ஆம் ஆண்டில் தொடங்கிய என்.பி.டி.இ.எல். திட்டம், சிறந்த பேராசிரியர்களின் விரிவுரைகளைச் சிற்றூர்க் கல்லூரிகளுக்கும் கொண்டு சேர்த்தது. 2014 முதல் அத்திட்டம் சான்றிதழுடன் கூடிய இணையவழிப் பாடங்களை நடத்தி வருகிறது. 2017 ஜூலை 9ஆம் நாள் அன்றைய குடியரசுத் தலைவர் பிரணாப் முகர்ஜி 'ஸ்வயம்' தளத்தைத் தொடங்கிவைத்தார். அதே ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் பள்ளிக் கல்விக்கென 'தீக்ஷா' தளம் தொடங்கப்பெற்றது.

ஒரு பருவத்திற்குரிய பாடங்களில் 20 சதவீதம் வரை ஸ்வயம் வழியாகப் பயில 2016ஆம் ஆண்டு விதிமுறைகளில் இடமளித்த பல்கலைக்கழக மானியக் குழு, 2021ஆம் ஆண்டு விதிமுறைகளில் அவ்வளவை 40 சதவீதமாக உயர்த்தியது. ஆகவே இணையவழிப் பாடம் இன்று ஓய்வுநேரப் படிப்பாக இல்லை. பட்டத்தையே தீர்மானிக்கும் நிலைக்கு அது உயர்ந்திருக்கிறது.

ஸ்வயம் பாடம் ஒவ்வொன்றும் காணொளி விரிவுரை, படிப்புப் பொருள், கலந்துரையாடல் மன்றம், தன்மதிப்பீடு என்னும் நான்கு கூறுகளைக் கொண்டது. இவற்றுள் விரிவுரைக்கு ஒளிப்பதிவுக் கூடமும் வல்லுநர் குழுவும் உண்டு. படிப்புப் பொருளுக்குப் பதிப்பாசிரியர் உண்டு. மன்றத்திற்கு மேற்பார்வையாளர் உண்டு. நான்காவது கூறாகிய வினாக்களுக்கோ, பெரும்பாலும் ஆசிரியர் தம் மற்ற வேலைகளை முடித்தபின் கிடைக்கும் நேரமே உண்டு. அவை அவசரமாக எழுதப்படுகின்றன. பருவம் முடிந்ததும் மறக்கப்படுகின்றன. அடுத்த பருவத்தில் மீண்டும் அவசரமாக எழுதப்படுகின்றன.

இதனால் இழப்பு யாருக்கு என்பதைக் கருத வேண்டும். நகரத்துப் பெரிய கல்லூரியின் மாணவனுக்கு ஐயம் தீர்க்க ஆசிரியரும் நண்பர்களும் அருகிலேயே இருக்கின்றனர். மாவட்டத்தின் கோடியில் தனித்திருந்து பயிலும் மாணவிக்கு அவ்வாய்ப்பு இல்லை. காணொளி பேசும், ஆனால் அவள் புரிந்துகொண்டாளா என்று அது கேட்பதில்லை. அவளிடம் கேள்வி கேட்பதும், விடை தவறானால் எங்கே தவறினாள் என்று சொல்வதும் வினாத்தொகுப்பு ஒன்றுதான். அது பழுதுபட்டிருந்தால் அவள் தன் அறியாமையை அறியாமலே தேர்வுக்குச் செல்கிறாள்.

மதிப்பெண் கணக்கும் சிறிதன்று. என்.பி.டி.இ.எல். நடத்தும் 12 வாரப் பாடங்களில் வாராந்தர ஒப்படைப்புகளுள் சிறந்த 8இன் சராசரி, இறுதி மதிப்பெண்ணில் 25 சதவீதமாகச் சேர்கிறது. பிழையான வினா ஒன்று பல்லாயிரம் மாணவர்களின் கணக்கில் ஒரே நேரத்தில் பிழையை ஏற்றிவிடும்.

நல்ல வினா எளிதில் பிறப்பதில்லை

வினா எழுதுவது அற்ப வேலை என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. பொருளியல் முதலாண்டுப் பாடத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். ஒரு பண்டத்தின் விலை 10 ரூபாயிலிருந்து 12 ரூபாயாக உயர்ந்தபோது, அதன் தேவை 100 கிலோவிலிருந்து 90 கிலோவாகக் குறைந்தது. தேவையின் விலை நெகிழ்ச்சி எவ்வளவு? விலை உயர்வு 20 சதவீதம். தேவைக் குறைவு 10 சதவீதம். ஆகவே குறியை நீக்கிப் பார்த்தால் நெகிழ்ச்சி 0.5 ஆகும்.

சரியான விடையோடு சேர்த்துத் தரவேண்டிய மூன்று தவறான விடைகள் எவை? கைக்கு வந்த எண்களை எழுதிவிடலாம். ஆனால் பொறுப்புள்ள ஆசிரியர் 2, 5, 0.2 என்னும் மூன்றைத் தேர்ந்தெடுப்பார். வகுக்கும் எண்ணையும் வகுபடும் எண்ணையும் இடம் மாற்றிய மாணவன் 2 என்பான். சதவீதத்தை விட்டுவிட்டு 10 கிலோவை 2 ரூபாயால் வகுத்தவன் 5 என்பான். விலை மாற்றத்தை மட்டும் கண்டுபிடித்து நின்றுவிட்டவன் 0.2 என்பான். ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட குழப்பத்தை வெளிக்காட்டுகிறது. அதற்குரிய விளக்கக் குறிப்பையும் வினாவுடன் இணைத்துவிட்டால், மாணவன் விடையைத் தேர்ந்த மறுகணமே தன் பிழையின் காரணத்தை அறிகிறான்.

இவ்வளவு கவனத்துடன் எழுதிய வினாவிலும் குறை இருக்கக்கூடும். நன்கு படித்த மாணவன் ஒருவன் தொடக்க விலைக்குப் பதிலாகச் சராசரி விலையையும் சராசரி அளவையும் அடிப்படையாகக் கொண்டு கணக்கிட்டால், நெகிழ்ச்சி ஏறத்தாழ 0.58 ஆகிறது. அவ்விடை பட்டியலில் இல்லை. மாணவன் செய்தது பிழையன்று. எம்முறையில் கணக்கிட வேண்டும் என்று வினா சொல்லாததே குறை. "தொடக்க மதிப்பை அடிப்படையாகக் கொண்டு" என்னும் தொடரைச் சேர்த்தால் குறை நீங்கும். இத்திருத்தத்தை ஓர் ஆசிரியர் ஒரு கல்லூரியில் செய்துவிட்டார் என்றால், அதன் பயன் மற்றக் கல்லூரிகளுக்கு எவ்வாறு சென்று சேரும்? வினாக்களைத் தொகுப்பதிலும் பகிர்வதிலும் உள்ள அடிப்படைச் சிக்கல் இதுவே.

முன்னோடி முயற்சிகள்

இச்சிந்தனை நம் நாட்டிற்குப் புதிதன்று. டாக்டர் இராதாகிருஷ்ணன் தலைமையில் 1948-49இல் பணியாற்றிய பல்கலைக்கழகக் கல்விக் குழு, ஒரேயொரு சீர்திருத்தத்தை மட்டும் கூற வேண்டுமாயின் அது தேர்வுமுறைச் சீர்திருத்தமே என்று கருதியது. கல்வி நோக்கங்களை வகைப்படுத்திய நூலை 1956இல் வெளியிட்ட அமெரிக்கப் பேராசிரியர் பெஞ்சமின் புளூம், 1950களின் இறுதியில் இந்தியாவுக்கு வந்து ஆலோசனை வழங்கினார். 1958இல் மத்தியத் தேர்வுப் பிரிவு அமைக்கப்பட்டது. பல்கலைக்கழக மானியக் குழு 1973இல் வெளியிட்ட தேர்வுச் சீர்திருத்தச் செயல்திட்டத்தில் வினா வங்கியும் இடம்பெற்றது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் அதனைத் தொடர்ந்து பல பாடங்களில் வினா வங்கி நூல்களை வெளியிட்டது.

அம்முயற்சிகள் மதிக்கத்தக்கவை. எனினும் அச்சிட்ட நூலுக்கு இரண்டு வரம்புகள் இருந்தன. முதலாவது, அதிலுள்ள பிழையை மறுபதிப்பு வரும்வரை திருத்த இயலாது. இரண்டாவது, வினாவை எத்தனை மாணவர் எவ்வாறு எதிர்கொண்டனர் என்னும் செய்தி நூலுக்குத் திரும்பி வருவதில்லை. இன்றைய இணையத் தளங்கள் இவ்விரு வரம்புகளையும் நீக்கியுள்ளன. கருவி கைக்கு வந்துவிட்டது. அதனைப் பயன்படுத்தும் ஒழுங்கே இனி வேண்டுவது.

விதைச் சான்றிதழ் காட்டும் வழி

அவ்வொழுங்கிற்கு வேளாண்மைத் துறையில் ஒரு முன்மாதிரி உண்டு. 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டத்திற்குப் பின், விதைகள் வல்லுநர் விதை, ஆதார விதை, சான்று விதை என்னும் படிகளில் பெருக்கப்படுகின்றன. வல்லுநர் விதைக்குப் பொன்மஞ்சள் அட்டை, ஆதார விதைக்கு வெள்ளை அட்டை, சான்று விதைக்கு நீல அட்டை. முளைப்புத் திறன், தூய்மை, சோதித்த நாள், செல்லுபடியாகும் காலம் முதலிய விவரங்கள் மூட்டையுடன் செல்கின்றன. உழவர் மூட்டையைப் பிரிக்காமலே அதன் தரத்தை அறிகிறார்.

வினாவுக்கும் அத்தகைய அட்டை வேண்டும். அது எப்பாடத்தின் எக்கருத்தைச் சோதிக்கிறது, எந்த மட்டத்தினருக்கு உரியது, யார் எழுதியது, யார் சரிபார்த்தது, எத்தனை மாணவர் விடையளித்தனர், எத்தனை பேர் சரியாகச் சொன்னார்கள், கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்னும் விவரங்கள் வினாவுடன் பிரியாமல் செல்ல வேண்டும். அட்டையில்லாத ஆயிரம் வினாக்களைப் பகிர்வது, பெயர் தெரியாத ஆயிரம் மூட்டை தானியத்தைக் களத்தில் கொட்டுவதற்கு ஒப்பாகும்.

வகைப்படுத்தும் முறை

பல கல்லூரிகளின் தளங்களில் வினாக்கள் "மூன்றாம் வாரம், வினா 7" என்னும் பெயரில் கிடக்கின்றன. பாடத்திட்டம் மாறி மூன்றாம் வாரப் பாடம் ஐந்தாம் வாரத்திற்குச் சென்றவுடன் அப்பெயர் பொருளிழந்துவிடுகிறது. ஆசிரியரின் பெயரால் அமைந்த தொகுப்போ அவர் ஓய்வுபெற்றவுடன் கேட்பாரற்றுப் போகிறது. ஆகவே வினாவை அது சோதிக்கும் பொருளின் அடிப்படையில் வைப்பதே நிலைத்த முறை. பாடம், அலகு, கருத்து என்று கிளைவிடும் வரிசை போதுமானது. பொருளியல், தேவைக் கோட்பாடு, விலை நெகிழ்ச்சி என்று மூன்று படிகளில் மேற்கூறிய வினா தன் இடத்தை அடைந்துவிடும். எந்த ஆசிரியர் வந்தாலும், எந்த வாரத்தில் நடத்தினாலும், அங்கேயே அது கிடைக்கும்.

கிளைகளைக் கணக்கின்றிப் பெருக்குவதும் தவறு. கடினம், மொழி, கணக்கா கருத்தா, நினைவா பயன்பாடா என்பவை எல்லாக் கிளைகளுக்கும் பொதுவான பண்புகள். இவற்றுக்கெனத் தனிக் கிளைகள் அமைத்தால் தொகுப்பு அடர்ந்த காடாகிவிடும். இவற்றை வினாவின்மீது ஒட்டும் அடையாளச் சொற்களாக வைத்துக்கொள்வது நன்று. இருப்பிடத்திற்குக் கிளை, பண்புக்கு அடையாளச் சொல் என்பது எளிய விதி. அடையாளச் சொற்களின் பட்டியலைத் துறை முழுவதும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒருவர் "எளிது" என்றும் மற்றொருவர் "சுலபம்" என்றும் எழுதினால் கணினி அவற்றை இருவேறு பண்புகளாகவே கொள்ளும்.

வகைப்படுத்துதல் அலுவலக ஒழுங்கு மட்டுமன்று. அது நீதியோடும் தொடர்புடையது. 40 வினாக்கள் கொண்ட தொகுப்பிலிருந்து ஒவ்வொரு மாணவனுக்கும் 10 வினாக்களைக் கணினி குலுக்கி எடுத்தால், 84 கோடியே 76 இலட்சத்திற்கும் மேற்பட்ட வெவ்வேறு சேர்க்கைகள் அமையக்கூடும். பக்கத்து மாணவனைப் பார்த்து எழுதுவது இதனால் பயனற்றதாகிறது. ஆனால் அத்தொகுப்பில் எளிய வினாக்களும் கடினமானவைகளும் விரவியிருந்தால், ஒருவனுக்கு எட்டு எளிய வினாக்களும் மற்றொருவனுக்கு மூன்று மட்டுமே எளிய வினாக்களும் வரலாம். இருவரையும் ஒரே அளவுகோலால் அளந்ததாக அப்போது கூற இயலாது. எளியவை 4, நடுத்தரம் 4, கடினம் 2 என்று வகுத்துவைத்து, அந்தந்த வகையிலிருந்து குலுக்கி எடுத்தால் இக்குறை பெரிதும் குறையும்.

வினாவையும் சோதித்தறிதல்

மாணவனை வினா சோதிப்பது போலவே, வினாவையும் மாணவர்களின் விடைகள் சோதிக்கின்றன. இதற்கு இரண்டு எளிய அளவைகள் உள்ளன. சரியாக விடையளித்தோரின் விகிதம் முதலாவது. அது வினாவின் எளிமையைக் காட்டும். நன்கு கற்றோரையும் கற்காதோரையும் வினா பிரித்துக் காட்டுகிறதா என்பது இரண்டாவது. மொத்த மதிப்பெண்ணில் முதல் 27 சதவீதத்தினரையும் கடைசி 27 சதவீதத்தினரையும் ஒப்பிடும் முறையை ட்ரூமன் கெல்லி 1939இல் விளக்கினார். அது இன்றும் பயன்படுகிறது.

200 மாணவர் எழுதிய தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் 54 பேர் இருப்பர். மேற்பிரிவில் 45 பேரும் கீழ்ப்பிரிவில் 18 பேரும் சரியாக விடையளித்தால் வேறுபாடு 27. அதனை 54ஆல் வகுத்தால் 0.5. இது நல்ல வினா. மேற்பிரிவில் 20 பேரும் கீழ்ப்பிரிவில் 29 பேரும் சரியாகச் சொல்லியிருந்தால் அளவை சுழிக்குக் கீழே, ஏறத்தாழ -0.17 ஆகிவிடும். கற்றவர் தவறிக் கல்லாதவர் வெல்லும் வினாவில், விடைக்குறிப்பு தவறாக இருக்கலாம், அல்லது வினாவே இருபொருள் படலாம். நெகிழ்ச்சி வினாவில் சராசரி முறையைக் கையாண்ட நல்ல மாணவர்களுக்கு நேர்ந்த சங்கடத்தை இவ்வளவை எளிதில் காட்டிக் கொடுத்துவிடும்.

முப்பது மாணவர் மட்டும் உள்ள ஒரு வகுப்பில் இத்தகைய கணக்குகளை நம்பித் தீர்ப்புக் கூற இயலாது. எண்ணிக்கை சிறிதாயின் தற்செயல் பெரிதாகும். இங்கேதான் பகிர்வின் உண்மையான பயன் தெரிகிறது. ஒரே வினாவை இருபது கல்லூரிகள் பயன்படுத்தி, விடைகளின் தொகையை ஓரிடத்தில் சேர்த்தால், சிறிய கல்லூரியின் வினாவுக்கும் நம்பத்தக்க சான்று கிடைக்கிறது. தனியே எக்கல்லூரியும் பெற இயலாத அறிவைக் கூட்டாக எல்லாக் கல்லூரிகளும் பெறுகின்றன.

தளம் விட்டுத் தளம் செல்லுதல்

மார்ட்டின் டூகியாமாஸ் ஆஸ்திரேலியாவில் உருவாக்கி, 2002இல் முதற்பதிப்பாக வெளிவந்த மூடுல் என்னும் திறந்த மூலநிரல் மென்பொருளை நம் கல்லூரிகள் பலவும் கையாள்கின்றன. வினாக்களைத் தேர்விலிருந்து பிரித்துத் தனி வங்கியாக வைப்பது அதன் சிறப்பு. முன்னர் அதில் ஒரு வினாவைத் திருத்தினால் பழைய வடிவம் மறைந்துவிடும். 2022இல் வந்த நான்காம் பதிப்பு முதல், ஒவ்வொரு திருத்தமும் தனி வடிவமாகக் காக்கப்படுகிறது. 2025இல் வந்த ஐந்தாம் பதிப்பில், ஒரு பாடத்தில் அமைந்த வங்கியை உரிய அனுமதி பெற்ற பிற பாடத்தினரும் படியெடுக்காமலே பயன்படுத்த இயலும். ஓப்பன் எடெக்ஸ் தளத்திலும் பல பாடங்களுக்குப் பொதுவான வினா நூலகம் அமைக்கும் வசதி உண்டு.

படியெடுத்தலுக்கும் பகிர்தலுக்கும் உள்ள வேற்றுமையை இங்குக் குறிப்பிட வேண்டும். ஒரு வினா ஐந்து பாடங்களில் ஐந்து படிகளாகக் கிடந்தால், ஒன்றில் திருத்திய பிழை நான்கில் தொடரும். விடைகளின் கணக்கும் ஐந்தாகச் சிதறும். ஓரிடத்தில் வைத்து ஐந்து பாடங்களும் அதனைச் சுட்டினால், திருத்தமும் ஒன்று, கணக்கும் ஒன்று.

ஒரு மென்பொருளிலிருந்து மற்றொன்றுக்குச் செல்லும்போது பொது வடிவம் தேவைப்படுகிறது. ஐ.எம்.எஸ். குளோபல் என்னும் பெயரில் இயங்கி, 2022 முதல் ஒன்எட்டெக் என்று வழங்கும் அமைப்பு, க்யூ.டி.ஐ. என்னும் தரத்தை இதற்கென வகுத்துள்ளது. வினா, நான்கு விடைகள், சரியான விடையின் எழுத்து என்று வெறும் உரையாக எழுதும் எய்க்கன் போன்ற எளிய வடிவங்களும் உண்டு. இவை கற்க எளியவை. ஆயினும் விளக்கக் குறிப்புகளையும் படங்களையும் இவை சுமந்து செல்வதில்லை. அட்டை கிழிந்த விதை மூட்டையின் நிலைதான் அப்போது வினாவுக்கு ஏற்படுகிறது. எந்த வடிவத்தில் அனுப்பினால் எது தங்கும், எது உதிரும் என்பதை முன்னரே ஆராய்ந்து செயற்படுவது நலம்.

இந்திய மொழிகளுக்கு இன்னொரு கவனமும் வேண்டும். இந்தியில் கிருதி தேவ், தமிழில் பாமினி முதலிய பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட வினாக்கள், வேறு கணினியில் பொருளற்ற குறிகளாகத் தோன்றும். ஒருங்குறியில் எழுதிய வினாவே எல்லாத் தளங்களிலும் பிழைத்திருக்கும். அவ்வாறே சூத்திரங்களையும் அட்டவணைகளையும் படமாக ஒட்டுவதைத் தவிர்க்க வேண்டும். திரையைப் படித்துக் காட்டும் மென்பொருள் படத்தினுள் இருப்பதை உள்ளவாறு வாசிக்காது. பார்வையற்ற மாணவரை வினாவுக்கு வெளியே நிறுத்துவது, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016இன் நோக்கத்திற்கு முரணாகும்.

மொழிபெயர்ப்பின் பொறுப்பு

ஒரு மொழியில் சோதிக்கப்பெற்ற வினா, மற்றொரு மொழிக்குச் சென்றவுடன் புதிய வினாவாகிறது. இதன் விளைவு எவ்வளவு கடுமையாக இருக்கக்கூடும் என்பதை 2018ஆம் ஆண்டு மருத்துவ நுழைவுத் தேர்வாகிய நீட் தேர்வு உணர்த்தியது. 49 வினாக்களின் தமிழாக்கத்தில் பிழை உள்ளது என்று வழக்குத் தொடரப்பட்டது. தமிழில் எழுதியோர் ஏறத்தாழ 24 ஆயிரம் பேர். வினாவுக்கு 4 வீதம் 196 மதிப்பெண் அவர்களுக்கு வழங்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அவ்வாண்டு ஜூலையில் ஆணையிட்டது. உச்ச நீதிமன்றம் அம்மாதமே அதற்குத் தடை விதித்து, நவம்பரில் அவ்வாணையை நீக்கியது. சட்டத்தின் நோக்கில் வழக்கு முடிவுற்றது. தேர்வு நடந்து முடிந்தபின் மதிப்பெண்ணைக் கூட்டினாலும் யாருக்கோ குறை. கூட்டாவிடினும் யாருக்கோ குறை. தேர்வுக்கு முன்னரே மொழியாக்கத்தைச் சரிபார்ப்பது ஒன்றே வழி என்பது கல்வித்துறைக்குரிய பாடம்.

வினா வங்கியில் மூல வினாவும் அதன் மொழியாக்கங்களும் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டிருக்க வேண்டும். மூலம் திருத்தப்பட்டால் மொழியாக்கங்கள் யாவும் "மறுபரிசீலனைக்கு உரியவை" என்று குறிக்கப்பட வேண்டும். விடைகளின் கணக்கையும் மொழிவாரியாகக் காண வேண்டும். ஆங்கிலத்தில் 70 சதவீதத்தினர் சரியாகச் சொன்ன வினாவைத் தமிழிலோ ஒடியாவிலோ 30 சதவீதத்தினரே சரியாகச் சொன்னால், மாணவரின் திறமையை ஐயுறுமுன் மொழியாக்கத்தை எடுத்துப் பார்ப்பதே முறை.

எதைப் பகிர்வது, எதைக் காப்பது

வினாக்களை வெளியிட்டுவிட்டால் மாணவர் மனப்பாடம் செய்துவிடுவர் என்னும் அச்சம் ஆசிரியரிடையே உண்டு. 40 வினாக்கள் மட்டும் உள்ள வங்கிக்கு அவ்வச்சம் பொருந்தும். ஒரு பாடத்தின் எல்லாக் கருத்துகளையும் தழுவி 4,000 வினாக்கள் இருப்பின், அவற்றுக்கெல்லாம் விடை காணக் கற்றவன் பாடத்தையே கற்றவனாகிறான். மேலும் நெகிழ்ச்சி வினாவில் விலையையும் அளவையும் மாணவருக்கு மாணவர் மாற்றித் தரக் கணினியால் இயலும். விடையை மனப்பாடம் செய்வது அங்கே உதவாது. வழியை அறிந்தால்தான் உதவும்.

எனினும் எல்லாவற்றையும் திறந்துவைக்க வேண்டும் என்பதில்லை. பயிற்சிக்குரிய வினாக்கள் ஒரு களஞ்சியம். இறுதித் தேர்வுக்குரியவை மற்றொரு களஞ்சியம். முன்னது எல்லோருக்கும் திறந்திருக்கலாம். பின்னதைப் பொறுப்பாளர் சிலரே கையாள வேண்டும். யார் எப்போது திறந்தார் என்னும் பதிவும் இருக்க வேண்டும். பொதுத் தேர்வுகளில் வினாத்தாள் கசிவைக் கடுங்குற்றமாக்கும் சட்டம் 2024 ஜூன் 21 முதல் நடைமுறையில் உள்ளது. இரு களஞ்சியங்களுக்கும் இடையே சுவர் இல்லாத இடத்தில் சட்டம் மட்டும் காவல் காக்க இயலாது. தேர்வில் பயன்பட்டு முடிந்த வினாக்களை, அவற்றின் கணக்குகளுடன் பயிற்சிக் களஞ்சியத்திற்கு மாற்றிவிட்டால், ஆண்டுதோறும் பொதுச்செல்வம் வளரும்.

பகிர்வுக்கு உரிமத் தெளிவும் தேவை. 2002 டிசம்பரில் முதன்முதலாக வெளியான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள், ஆக்கியோன் பெயரைக் குறிப்பிட்டு யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம் என்பதை எளிதில் அறிவிக்க வழிசெய்கின்றன. திறந்த கல்வி வளங்கள் குறித்து 2019 நவம்பரில் யுனெஸ்கோ ஏற்ற பரிந்துரையும் இத்திசையிலேயே அமைந்தது. அதே வேளையில், விலைக்கு விற்கும் நூலிலிருந்து வினாவை எடுத்துப் பொது வங்கியில் இடுவது பகிர்வாகாது. பிறர் உடைமையைக் கவர்வதாகும்.

ஊக்கமும் பொறுப்பும்

பொருளியல் நோக்கில் வினா ஒரு தனித்தன்மை வாய்ந்த பண்டம். ஒருவர் உண்ட சோற்றை மற்றொருவர் உண்ண இயலாது. ஒருவர் பயன்படுத்திய வினாவை ஆயிரம் பேர் மீண்டும் பயன்படுத்தலாம். ஆக்கும் செலவு அதிகம். பெருக்கும் செலவு இல்லையெனலாம். இத்தகைய பண்டத்தில் செலவு ஒருவருக்கும் பயன் பலருக்கும் ஆவதால், தனி மனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பினால் போதிய உற்பத்தி நடைபெறாது. அதற்குரிய ஊக்கத்தை நிறுவனமே வழங்க வேண்டும்.

ஆய்வுக் கட்டுரை எழுதிய ஆசிரியருக்குப் பதவி உயர்வில் மதிப்பு உண்டு. பத்தாயிரம் மாணவர் பயன்படுத்தும் ஐம்பது நல்ல வினாக்களை எழுதியவருக்கும், நூறு வினாக்களைச் சரிபார்த்துப் பிழை களைந்தவருக்கும் அத்தகைய மதிப்பு கிடைக்க வேண்டும். வினாவின் அட்டையில் ஆக்கியோர், சரிபார்த்தோர் பெயர்கள் இருந்தால் இம்மதிப்பை அளப்பது கடினமன்று. பொறுப்பை நிறுவுவதற்கும் அப்பெயர்களே உதவும்.

இன்று செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் சில நொடிகளில் நூறு வினாக்களை எழுதித் தள்ளுகின்றன. இனி வங்கி எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். எழுதும் செலவு குறைந்திருக்கிறது. சரிபார்க்கும் செலவு குறையவில்லை. இலக்கணப் பிழையின்றி, நம்பும்படி எழுதப்பட்டு, விடைக்குறிப்பு மட்டும் தவறாக உள்ள வினா, பழைய பிழைகளைவிட ஆபத்தானது. பொருள் மலிந்த சந்தையில் முத்திரைக்கு மதிப்பு கூடுகிறது. சரிபார்க்கப்பட்ட, சோதிக்கப்பட்ட, கணக்குடன் கூடிய வினாக்களின் வங்கி முன்னைவிட இப்போது அதிகம் தேவைப்படுகிறது.

உடனடியாகச் செய்யத்தக்கவை

பெருந்திட்டங்களுக்குக் காத்திராமல் ஒரு கல்லூரித் துறையே தொடங்கக்கூடிய பணிகள் சில உள்ளன. துறையின் பாடங்களுக்குக் கருத்துவாரியான கிளைப் பட்டியலையும் பொதுவான அடையாளச் சொற்களையும் முதலில் வகுத்துக்கொள்ளலாம். எழுதியவரைத் தவிர மற்றொருவர் படித்து ஒப்புக்கொள்ளாத எவ்வினாவும் வங்கிக்குள் நுழையலாகாது என்று விதிக்கலாம். ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் ஒரு நாளை ஒதுக்கி, விடைகளின் கணக்கைப் பார்த்துப் பழுதான வினாக்களைத் திருத்தலாம். திருத்த இயலாதவற்றை நீக்கலாம். வங்கிக்கென ஒரு பொறுப்பாளரை நியமித்து, அவர் மாறும்போது ஒப்படைப்புப் பட்டியலுடன் மாறச் செய்யலாம். பின்னர் அண்டைக் கல்லூரி ஒன்றுடன் ஓர் அலகை மட்டும் பகிர்ந்து தொடங்கலாம். சிறிய அளவில் ஒழுங்காக நடந்தது பெரிய அளவிலும் நடக்கும். சிறிய அளவில் ஒழுங்கற்றது பெரிதாகும்போது குழப்பமே பெரிதாகும்.

பல்கலைக்கழகங்களும் தேசிய அமைப்புகளும் செய்யவேண்டியவை வேறு. பொது வடிவத்தை வலியுறுத்துதல், இந்திய மொழிகளில் சரிபார்ப்போரைப் பயிற்றுவித்தல், கல்லூரிகளின் கணக்குகளை ஒன்றுசேர்த்தல், ஆசிரியரின் இப்பணிக்கு மதிப்பு வழங்குதல் ஆகியவை அவற்றின் கடமைகள். இவற்றுக்குப் புதிய கட்டடம் தேவையில்லை. பெரும் பணமும் தேவையில்லை. ஆசிரியரின் நேரத்தை இதற்கென ஒதுக்கும் மனமே தேவை.

பசுமைப் புரட்சியின் வெற்றிக்கு நீரும் உரமும் போலவே நம்பத்தக்க விதையும் காரணமாயிற்று. இணையவழிக் கல்வியில் காணொளிகளும் இணைப்பு வசதியும் பெருகிவிட்டன. நம்பத்தக்க வினா இன்னும் அரிதாகவே உள்ளது. தனித்திருந்து பயிலும் ஒவ்வொரு மாணவரிடமும் சரியான வினாவைச் சரியான மொழியில் கேட்டு, தவறியவருக்குக் காரணமும் கூறும் நாளில்தான் இக்கல்வி எல்லோருக்கும் சமமாயிற்று எனலாம். அந்நாளை விரைந்து கொணர்வது ஆசிரியப் பெருமக்களின் கையில் உள்ளது.